மனைவி அறையில் இல்லாத வேளைகளில்

ராசா,

இதை மெட்ரோவில் நின்றுகொண்டு வாசிக்காதே. வீட்டுக்குப் போய், சப்பாத்தைக் கழற்றி, கதிரையில் இருந்து வாசி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் "சரியம்மா, விளங்குது, பேந்து கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். நேரில் சொன்னால் நான் அழுதுவிடுவேன். நீ உடனே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போய் நீ நினைத்ததையே செய்வாய். கடிதமென்றால் குறுக்கே கதைக்க முடியாது. அதோடு உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன ஏழு வருடமும் இன்றைக்குத்தான் எனக்குப் பயன்படப் போகிறது. மெதுவாக வாசிப்பாய். மெதுவாக வாசித்தால் கொஞ்சமாவது மண்டையில் ஏறும்.

அடுத்த கிழமை, சனிக்கிழமை உனக்குக் கலியாணம். அதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமைக்குள், விமானத்தில் போகவேண்டிய கல்கரியில் உனக்கு வேலை தருகிற கொம்பனிக்கு நீ பதில் சொல்ல வேண்டும். இது எனக்கு உன் வாயால் தெரியவரவில்லை. தன் கலியாண ரவிக்கை போட்டுப் பார்க்க வந்த நிலானி, போகும்போது வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிற சாட்டில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "மாமி, அவர் கல்கரி வேண்டாமெண்டு எழுதப் போறாராம். எனக்கு அங்க ஆஸ்பத்திரியில வேலை சரிவந்திட்டுது. ஆனா உங்களையும் மாமாவையும் ஆர் பாக்கிறதெண்டு அவர் கேட்டா, நான் என்னத்தைச் சொல்லுறது?" அந்தப் பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

அதோடு புரோசார்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாயாம். கீழ்த்தளத்தில் எங்களுக்கு அறையாம், தனிக் குளியலறையாம், பிடித்துக்கொண்டு எழும்பச் சுவரில் இரும்புக் கைபிடியாம். கைபிடி! எனக்கு அறுபது வயது. மொன்றியலில், இந்தக் கோட் டெ நேஜில், மூன்றாம் மாடிக்கு இரண்டு கையிலும் கடைச் சாமானோடு ஏறுகிறவள் நான். உன் அப்பாவுக்கு அறுபத்து மூன்று. பதினெட்டு வருடம் பாண் தொழிற்சாலையில் மா மூட்டை தூக்கின தோள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எங்களை நிலத்துக்குக் கீழே கொண்டுபோய் வைக்க இப்ப என்ன அவசரம்?

நீ எங்களைப் பார்க்கப் போகிறாய். சரி, யார் யாரைப் பார்ப்பது என்று முதலில் கதைப்போம். லொங்குய்யிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மஞ்சள் பாதை மெட்ரோவில் ஆற்றைக் கடந்து வருகிறாயே, தோளில் என்ன? ஊத்தை உடுப்புப் பை. இருபத்தொன்பது வயது, கணினிப் பொறியியலாளர், கீழே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். உன் காலுறையை நான் சோடி சேர்க்கிறேன். திரும்பிப் போகும்போது அதே பையில் தோய்த்து மடித்த உடுப்பு, மற்றக் கையில் ஏழு டப்பா கறி, ஒவ்வொரு மூடியிலும் எந்த நாளுக்கென்று எழுதியிருக்கும். ஒருநாள் கந்தோருக்குப் போன் எடுத்து, "அம்மா, செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திங்களே சாப்பிட்டிட்டன், பரவாயில்லையோ?" என்று கேட்டாய். நான் கூட்டத்திலிருந்து எழும்பிப் போய், பரவாயில்லை, செவ்வாய்க்குப் புதனைச் சாப்பிடு என்று வழி சொல்லிவிட்டு வந்தேன். உன்னைப் பிழை சொல்லவில்லை. ஒரு ஞாயிறு நீ பையில்லாமல் வந்தால் எனக்குத்தான் அன்று முழுக்க அந்தரமாயிருக்கும். பிழை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நான் முதுமைப் பராமரிப்புக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தது தெரிந்து இரண்டு கிழமை, பதினாலு நாளும், நீ என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "என்னில நம்பிக்கையில்லையோ அம்மா? வயசு போனா நான் இருக்க, கொம்பனிக்காரன் வந்து பாக்கோணுமோ?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நடந்த கூத்தை உனக்குச் சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன. இப்ப முழுக்கச் சொல்கிறேன், கேள்.

என் மேசைக்குப் பக்கத்து மேசை லூசியை உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒவ்வொரு நத்தாருக்கும் மேப்பிள் மிட்டாய் கொடுத்துவிடுகிறவள். மத்திய அரசாங்கத்தின் கந்தோர் ஒன்றில் பதினைந்து வருடமாய்ப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஊராரின் படிவங்களைச் சரிபார்க்கிறவர்கள் நாங்கள். லூசியின் தாய் விழுந்து படுக்கையில் கிடந்தது ஆறு வருடம். ஆஸ்பத்திரிக்கு இந்த நாட்டில் காசில்லைத்தான். ஆனால் நாளாந்தம் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயில் சூப் வைக்க ஆள் வேண்டுமே? லூசிதான் ஆள். காலையில் தாயிடம், பிறகு கந்தோர், பிறகு திரும்பத் தாயிடம். ஒரு மத்தியானம் சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி, கடிப்பதற்கு வாயைத் திறந்தபடி, அப்படியே நித்திரையாகிவிட்டாள். நான் மெதுவாக அதைக் கையிலிருந்து எடுத்து வைத்தேன். திடுக்கிட்டு எழும்பி, "நான் சாப்பிட்டுவிட்டேனா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் இருந்து லூசியின் முகத்தை நினைத்தேன். நினைக்க நினைக்க அது உன் முகமாக வந்தது. என் பிள்ளை சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி நித்திரையாகக் கூடாது என்று அந்த பஸ்ஸில்தான் முடிவெடுத்தேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை, ராசா. நீ பார்ப்பாய் என்று நன்றாய்த் தெரிந்தபடியால்தான் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சட்டமூலம் வந்தது. அரசாங்க ஊழியர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி என்று ஒரு உறுப்பினர் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார். பிற்காலத்தில் எங்கள் அலுவலை நாங்களே பார்க்க முடியாமல் போனால், வீட்டுக்கு ஒரு ஆள் வந்து பார்க்கவோ, பராமரிப்பு இல்லத்தில் இருக்கவோ அது உதவும். சந்தா எங்கள் சம்பளத்திலும் பென்சனிலும் கழியும். அரசாங்கம் தன் பையிலிருந்து ஒன்றும் போடாது, எங்களை ஒன்றாய்ச் சேர்த்துவிடுவதோடு சரி. கணவன் மனைவியையும் சேர்க்கலாம். எங்கள் தொழிற்சங்கம் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு காப்புறுதிக் கொம்பனியைப் பிடித்து முன்பதிவு தொடங்கிவிட்டது. முதல் பெயர் லூசி. இரண்டாவது நான், என் பெயருக்குக் கீழே உன் அப்பா. ஒரேயொரு நிபந்தனைதான். சேருகிற நேரத்தில் ஆள் தன் வேலையைத் தானே செய்கிற நிலையில் இருக்க வேண்டும். அது சின்ன எழுத்தில் இல்லை, பெரிய எழுத்தில்தான் இருந்தது. நான் வாசித்தேன். படிவம் வாசிப்பதுதானே என் தொழில்.

ஒரு சனிக்கிழமை காலை கொம்பனியிலிருந்து ஒரு பெண் போனில் விசாரித்தாள். என்னுடைய விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்தது அப்பா. அப்பாவின் பிரெஞ்சு உனக்குத் தெரியும்தானே, போன்ஜூரில் ஏறி மெர்சியில் இறங்கிவிடும். அதனால் அவருக்காக நான் பதில் சொல்லலாம் என்று அவள் விட்டாள். அங்கேதான் பிடித்தது சனி.

எங்கள் மாதா கோயில் பெண்களின் கதையை நீ கேட்டிருக்கிறாய். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றால் ஒருத்தி தொடங்குவாள்: "என்ர மனுசன் தண்ணி கூட வாத்துக் குடியார்." அடுத்தவள் விடமாட்டாள்: "உதென்ன, எங்கட ஆளுக்குக் குசினி எந்தப் பக்கமெண்டே தெரியாது." கேட்கிறவர்களுக்கு முறைப்பாடு மாதிரி இருக்கும். முறைப்பாடு இல்லை, அது பதக்கம். மனுசன் எவ்வளவுக்குச் சும்மா இருக்கிறாரோ அவ்வளவுக்கு மனுசி கெட்டிக்காரி. அந்த மண்டபத்தில் இருபது வருடம் நின்று பதக்கம் வாங்கின வாய் இது. அதே வாயோடுதான் போனைப் பிடித்தேன்.

"அவர் தானாகக் குளிப்பாரா, மதாம்?" என்று கேட்டாள். குளிப்பார், ஆனால் துவாய், சவர்க்காரம், மாற்றுடுப்பு எல்லாம் நான் எடுத்து வைக்க வேண்டும், சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முதுகு தேய்த்துவிடுவதும் நான்தான் என்றேன். தானாக உடுப்பாரா? நான் கட்டிலில் விரித்து வைத்தால் உடுப்பார், குளிர்காலத்தில் கோட்டை மூடுகிற சிப்பை நான்தான் இழுத்துவிட வேண்டும். தானாகச் சாப்பிடுவாரா? நான் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார், மீனென்றால் முள்ளெடுத்துக் கொடுக்க வேண்டும். மறுபக்கத்தில் டக் டக்கென்று தட்டச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. மருந்து ஏதும் எடுக்கிறாரா? ஒரேயொரு விற்றமின் குளிசை, அதையும் நான் தண்ணியோடு கையில் கொடுக்காவிட்டால் விழுங்க மாட்டார். தனியே விடலாமா? ஐயோ, விடவே மாட்டேன், ஒருமுறை தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு நாலு நாள் ரொறன்ரோ போனேன், நாலு நாளும் கோயில் ஆட்கள் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்றேன். இதெல்லாம் என் நல்ல பிரெஞ்சில், ஒரு பிழை இல்லாமல்.

அவள் தட்டச்சை நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "இவர் எவ்வளவு காலமாக இந்த நிலையில் இருக்கிறார், மதாம்?"

"கலியாணம் முடித்த நாளிலிருந்து," என்றேன்.

"உங்களுக்குப் பெரிய மனவுறுதி, மதாம்," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அப்பாவிடம், "அந்தப் பிள்ளை என்னை மெச்சினவள்" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அப்ப சரிவந்திட்டுது" என்றார்.

மூன்று கிழமையில் இரண்டு கடிதம் வந்தது. என்னைச் சேர்த்துவிட்டார்கள். அப்பாவுடையதில், நாளாந்தக் கருமங்களுக்கு ஏற்கெனவே மற்றவரின் உதவியில் தங்கியிருப்பதால் அவரைச் சேர்க்க இயலாது என்று இருந்தது. அவரைப் பராமரிக்கிற எனக்கு ஆறுதல் தரக்கூடிய இடங்களின் பட்டியலும் இணைத்திருந்தார்கள். நான் வாசித்து மொழிபெயர்க்க, அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னவாம்?"

"நீங்கள் நோயாளியாம்."

"ஆர்?"

"நீங்கள்தான்."

"நாப்பது கிலோ மூட்டையை ஒத்தைத் தோளில தூக்கினவன் நான்! எனக்கென்ன வருத்தம்? நீர் என்னத்தைச் சொன்னனீர்?"

"உண்மையைத்தான் சொன்னனான்."

அப்பா யோசித்தார். தன் ஒரு நாளை மனதில் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் மெல்ல மெல்லத் தொங்கிப் போனது. கடைசியாக, "உண்மையை ஏன் சொன்னனீர்?" என்றார்.

மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் இருந்தது. ஒரு தாதி வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பாள். ஆறு கிழமை அவகாசம் கிடைத்தது. அந்த ஆறு கிழமையும் இந்த வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வருகிற நேரம் மட்டும் உனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் மூடி மறைத்தோம். முதல் பாடம் தேத்தண்ணி. தேயிலை எவ்வளவு என்று கேட்டார். ஒரு கை அளவு என்றேன். "கையெண்டா எத்தினை கிராம்?" என்றார். பாண் தொழிற்சாலைக்காரன் அல்லவா, அளவில்லாமல் அவருக்கு ஒன்றும் ஓடாது. போய் ஒரு தராசு வாங்கி வந்தார். தேயிலை நிறுத்தார், சீனி நிறுத்தார், பாலை நிறுத்தார். செய்முறையைத் தமிழில் எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினார். அதில் முதலாவதாக, 'கேத்திலில் தண்ணீர் உண்டா எனப் பார்க்கவும்' என்று இருந்தது. பழைய கேத்தில் செத்த பிறகுதான் அந்த முதலாவது எழுதப்பட்டது. பதினெட்டு வருடம் மொன்றியலுக்கே பாண் சுட்டுப் போட்ட மனுசன், வீட்டில் ஒரு துண்டு பாணைக் கருக்காமல் எடுக்க ஒரு கிழமை பிடித்தது.

உடுப்பு அதைவிடப் பெரிய கூத்து. அலுமாரியைத் தானே திறந்து தானே எடுத்து உடுப்பது என்று ஒப்பந்தம். முதல் ஞாயிறு மண்ணிறக் காற்சட்டை, ஊதாக் கோடு போட்ட சேட், ஒரு காலில் கறுப்புக் காலுறை, மற்றதில் சாம்பல் நிறம். அப்படியே கோயிலுக்கு வந்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். மண்டபத்தில் மேரி அக்கா என்னை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய், "என்ன பிள்ளை, வீட்டில ஏதும் பிரச்சினையே? மனுசன் உந்தக் கோலத்தில வந்திருக்கிறார்" என்றாள். "ஒண்டுமில்லையக்கா, அவர் தனியச் செய்யப் பழகிறார்" என்றேன். இதைவிட மோசமாக ஒரு பதில் சொல்லியிருக்க முடியாது. அடுத்த கிழமைக்குள் நான் உன் அப்பாவை விட்டுப் பிரிந்து போகிறேன் என்று நகரத்தின் மறுமுனை பியர்பொன்ட்ஸ் வரைக்கும் கதை போய்விட்டது. பங்குச் சுவாமி போன் எடுத்து, மனம்விட்டுக் கதைக்க வேண்டுமா மகள் என்று கேட்டார். மீன்தான் கடைசிப் பாடம். முதல் கிழமை பருப்போடு மட்டும் சாப்பிட்டு எழும்பினார். இரண்டாம் கிழமை கண்ணாடியைப் போட்டு, மேசை விளக்கைக் கிட்ட இழுத்து, ஒரு துண்டு மீனை முக்கால் மணித்தியாலம் ஆராய்ந்தார்.

இனித்தான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. பழகுவது அவருக்குக் கஷ்டமில்லை. ஐந்தாம் கிழமை அவர் போட்ட தேத்தண்ணி என்னுடையதைவிட நன்றாயிருந்தது. எனக்குத்தான் கஷ்டம். அவர் மடித்த துவாயை அவர் போன பிறகு எடுத்துத் திரும்ப மடிப்பேன். அவர் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவுவேன். ஒருநாள் அவர் தன் சேட்டுக்குத் தானே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார், அதைப் பார்க்க எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. இவருக்கு நான் தேவையில்லையென்றால் நான் இந்த வீட்டில் எதற்கு என்று நினைத்தேன். வெளியே சொல்ல முடியாத நினைப்பு அது, ராசா. உனக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தாதி மாசி மாதத்தில் ஒருநாள் வந்தாள். உயரமான ஹெயிட்டிக்காரி, சிரிக்காத முகம். அப்பா தேத்தண்ணி போட்டார். உங்களுக்கு எத்தனை கிராம் சீனி என்று என்னைக் கொண்டு கேட்பித்தார். அவள் முழுக் கோப்பையும் குடித்தாள். குளியல் தொட்டியில் ஏறி இறங்கிக் காட்டினார். மீனைப் பற்றி அவள் கேட்கவேயில்லை, ஆனால் இவர் விடுவாரா? குளிர்பெட்டியிலிருந்து ஒரு பொரித்த துண்டை எடுத்து அவள் கண்முன்னே முள்ளெல்லாம் களைந்து தட்டில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியாக, கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு தெருக்கதவு வரை போய்த் திரும்பி வரச் சொன்னாள்.

பூட்ஸ் போட்டார். கோட் போட்டார். சிப்பின் நுனி மற்றப் பக்கத்தில் பிடிக்கவில்லை. இரண்டாம் தரமும் பிடிக்கவில்லை. மொன்றியலில் எங்கள் முதல் குளிர்காலத்தில் கை விறைத்துப்போய் நின்றவருக்கு நான் இழுத்துவிட்ட சிப் அது, அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொரு குளிர்காலக் காலையும் வாசலில் நின்று நான்தான் இழுத்துவிட்டேன். இப்போது சோபாவில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். சத்தியமாய் இருந்தேன். மூன்றாம் தரமும் பிடிக்கவில்லை. நான் எப்படி எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. சிப்பை நாடிவரை இழுத்து, கழுத்தில் மவ்ளரைச் சுற்றி, தொப்பியைக் காது மூட இழுத்து, சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, "கவனமாப் போட்டு வாங்கோ" என்று கதவைத் திறந்துவிட்டேன். வேலையை விட்டு ஒரு வருடமான மனுசனுக்குச் சாப்பாட்டுப் பையை எங்கேயிருந்து எடுத்தேன் என்பது இன்றுவரை விளங்கவில்லை. உள்ளே இரண்டு வாழைப்பழம் இருந்ததாக அப்பா பிறகு சொன்னார்.

தாதி பேனையை மூடினாள். அப்பா திரும்பி வந்து கோட்டைக் கழற்றியதும் என்னைப் பார்த்து, "மதாம், நீங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள்" என்றாள். போனேன். சாத்தினேன். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அப்பா ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு சிர்ரென்று ஒரு சத்தம், அடியிலிருந்து நாடி வரைக்கும், ஒரே இழுவையில். நான் குசினிக்குள் நின்று அழுதேன். சந்தோசத்திலா மற்றதிலா என்று கேட்காதே, இரண்டும்தான்.

அவளுடைய அறிக்கையில் ஒரே வரி: 'விண்ணப்பதாரர் எல்லா நாளாந்தக் கருமங்களையும் தானாகவே செய்யக்கூடியவர், மனைவி அறையில் இல்லாத வேளைகளில்.' அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கடுதாசியை அவர் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் கொழுவல் வந்தால் போய் எடுத்து வந்து, கஷ்டப்பட்டுப் பிரெஞ்சிலேயே வாசித்துக் காட்டுவார்.

பேந்து என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஒட்டாவாவில் அப்போது சிறுபான்மை அரசாங்கம். அது கவிழ்ந்து தேர்தல் வந்தது. பாராளுமன்றம் கலைந்தால் பாதிவழியில் நிற்கிற சட்டமூலங்கள் எல்லாம் அதோடு சரி. எங்களுடையதும் போய்ச் சேர்ந்தது. முன்பதிவு ரத்து என்று கொம்பனி கடிதம் போட்டது. லூசி அதை வாசித்து, மேசையில் தலையை வைத்துச் சிரிசிரியென்று சிரித்தாள், பிறகு அழுதாள். புது அரசாங்கத்தில் ஒருவரும் அதைத் திரும்பக் கிளறவில்லை. எனக்கு மனம் விட்டுப் போனது. நான் உனக்கென்று தேடி வைத்திருந்தது அது ஒன்றுதான்.

போன மாதம் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் இரும்புக் கைபிடியோடு வந்திருப்பாய். கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. அப்பா அரிசியை நிறுத்துக் கஞ்சி வைத்தார். சுடுதண்ணியில் துவாயை நனைத்து முகம் துடைத்துவிட்டார். காலுறை போட்டுவிட்டார், இரண்டும் ஒரே நிறம். மூன்றாம் நாள் வாய்க்கு ருசியாய் ஏதும் வேண்டுமென்று சொல்ல, மீன் பொரித்து, முள்ளெடுத்து, கட்டிலுக்குக் கொண்டுவந்து தந்தார். கலியாணம் முடித்து முப்பத்தொரு வருடத்தில் எனக்கு யாரும் முள்ளெடுத்துத் தந்ததில்லை. ஒரு முள்ளு மிச்சமிருந்தது. நான் சொல்லவில்லை. அவர் பார்க்காத நேரம் எடுத்துத் துவாய்க்குள் ஒளித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசமாயிருந்தது.

ஆகவே எங்களை ஆர் பாக்கிறதென்ற கேள்விக்குப் பதில் இது. இப்போதைக்கு நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கிறோம். அவருக்கு இதற்குத் தாதியின் அத்தாட்சியும் இருக்கிறது. ஒருநாள் எங்களால் முடியாமல் போகும், நான் விசரி இல்லை, அது எனக்குத் தெரியும். அன்றைக்கு வெட்கப்படாமல் உன்னைக் கூப்பிடுவேன், அழுது கூப்பிடுவேன், நீ அடுத்த விமானத்தில் ஏறி வா. அந்த நாளை எதிர்பார்த்து இன்றைக்கே ஒரு வீட்டை வாங்கி, நிலானியின் வேலையையும் உன் வேலையையும் அதன் கீழ்த்தளத்தில் போட்டுப் பூட்டாதே. வெள்ளிக்கிழமை கல்கரிக்கு ஓம் என்று எழுது.

இன்னொன்று. உன் அப்பாவை முப்பது வருடம் நோயாளியாக வைத்திருந்தவள் நான். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். பதின்மூன்று வயதுவரை உனக்குச் சோறு குழைத்து ஊட்டினேன், பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் கையை முதுகுக்குப் பின்னே ஒளிப்பேன். அது அன்புதான், பொய்யில்லை. ஆனால் அதில் பாதி, நீங்கள் இருவரும் என்னை விட்டு அசையக் கூடாது என்ற ஆசை. நிலானி ஒருநாள் கோயில் மண்டபத்தில் கோப்பையோடு நின்று உன்னைப் பற்றிப் பதக்கம் வாங்கக் கூடாது. அதனால் இந்த ஞாயிறு பையில்லாமல் வா. உன் கட்டடத்தின் கீழே தோய்க்கிற மெசின் இருக்கிறது, ஐந்து வருடமாய் அது உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையையும் நிறத்தையும் சேர்த்துப் போடாதே. காலுறையை உள்பக்கம் வெளியே... சரி, நிறுத்திவிட்டேன்.

கலியாணத்தன்று கோயில் வாசலில் நல்ல குளிராயிருக்கும். உன் கோட் சிப்பை நான்தான் இழுத்துவிடுவேன், அதைத் தடுக்காதே, எல்லாரும் பார்த்தாலும் தடுக்காதே. நீங்கள் கல்கரிக்குப் போகிற அன்று நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன். இங்கே வந்து சொல்லிக்கொண்டு போங்கள். அப்பா தேத்தண்ணி போடுவார். நீ வாசலுக்குப் போகிற நேரம் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். உன் சிப்பை நீயே இழு. சத்தமாக இழு, எனக்குக் கேட்க வேண்டும்.

அம்மா